அடியைத் திருப்பிப் பார்ப்பவர்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பிரியும் தம்புச் செட்டித் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே கிடைத்த சந்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் யாருடைய பிறந்தநாளுக்கோ அடித்த பிளெக்ஸ் பேனர், தலைகீழாக. முன்னால் மூன்று கால் இரும்புக் கட்டை. பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய பெயின்ட் டப்பா. அதில் ஒரு துண்டு அடித்தோல் ஊறிக்கொண்டிருக்கிறது.

பத்தரை மணிக் கூட்டம் கோர்ட்டுக்குள் போய் அடங்கிய பிறகு ஓர் இளம் வக்கீல் வருகிறார். கேரி பேக்கிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவை எடுத்து வைக்கிறார்.

“சீனியர் போட்டது, அண்ணே. பரண்ல கெடந்துச்சு, எடுத்துக்கோன்னுட்டாரு. தேறுமா?”

மழைக்காலத்தில் பரணில் கிடந்ததற்கான அடையாளம் அத்தனையும் இருக்கிறது. மேல்தோல் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. விரல் மடங்கும் இடத்தில் ஆழமான சுருக்கங்கள். வலது அடியில், கட்டைவிரலுக்குக் கீழே ஓட்டை.

பெரியவர் பதில் சொல்லவில்லை. உள்ளே கைவிட்டுத் தடவுகிறார். முன்பக்கத்தை மெல்ல வளைத்துப் பார்க்கிறார். பிறகு ஷூவைக் குப்புறத் திருப்பி, விளிம்பை ஒட்டி நகத்தை ஓட்டுகிறார். நகம் ஒவ்வொரு தையலாகத் தட்டிக்கொண்டு போகிறது.

“தேறும் சார்.”

மேல்தோலை அடியோடு நேராக ஒட்டாமல், இடையில் ஒரு தோல் பட்டை கொடுத்து இரண்டு தையலாகப் போட்ட ஷூ அது. குட்இயர் வெல்ட் என்பார்கள். இதற்கான இயந்திரத்துக்கு 1871இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர், ரப்பரைப் பதப்படுத்திப் பெயர் பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன். அடி தேய்ந்தால் வெளித் தையலை மட்டும் பிரித்துப் புது அடி போடலாம். மேல்தோலில் கைவைக்க வேண்டியதில்லை. பெரியவர் இந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. நகம் பார்த்ததே அவருக்குப் போதும்.

முதலில் லேஸ் கழல்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டிவிட்டு, ஈரத் துணியால் துடைக்கிறார். வக்கீல் ஒத்தாசையாக ஒரு ஷூவை எடுத்து வெயிலில் வைக்க, பெரியவர் எட்டி அதை நிழலுக்கு இழுத்துக்கொள்கிறார்.

“வெயில்ல வெச்சா அப்பளம் ஆயிடும் சார்.”

தோலுக்குள் எண்ணெய்ப் பசை இருக்கும் வரைதான் அது வளையும். வெயிலில் முறுகிய தோல் சுருக்கத்திலேயே வெடிக்கும். வெடித்ததை எந்தப் பாலிஷும் சேர்க்காது.

அடுத்து டர்பென்டைன் தொட்ட துணி. நாலு இழுப்பில் துணி கன்னங்கறுப்பாகிறது.

“அண்ணே, கலர் போவுது!”

“கலர் இல்ல சார், பழைய பாலிஷு. அழுக்கு மேலயே பூசிப் பூசி வெச்சிருக்காரு.”

அந்தப் பொருக்கு நீங்கியதும் தோலின் நுண்துளைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சில சொட்டு விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, சுருக்கங்களில் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து ஊட்டுகிறார். “சாயங்காலம் வாங்க” என்கிறார். வக்கீல் கோர்ட்டுக்கு ஓடுகிறார்.

ஓட்டை விழுந்த அடி கழன்று வருகிறது. பெரியமேட்டில் வாங்கிய புதுத்தோல், தண்ணீரில் ஊறியதால் உளிக்கு இணங்குகிறது. அளவுக்கு வெட்டியதும் அடிப்பக்கத்தில் விளிம்போரமாக ஒரு கீறல் போடுகிறார். தையல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டால் நூல் தரையில் உரசாது. நூலுக்கு மெழுகு ஏற்றுகிறார். முனையில் சின்னக் கொக்கி உள்ள குத்தூசி தோலைத் துளைத்து இறங்குகிறது. மறுபக்கம் நூலைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஏறிய வளையத்துக்குள் நூலின் மறுமுனையை நுழைத்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுக்கிறார். ஒரு தையல். அடுத்த துளை. இழுக்கும் ஒவ்வொரு முறையும் நூல் படும் இடத்தில், சுண்டுவிரலில் சுற்றிய சைக்கிள் டியூப் ரப்பர் நசுங்குகிறது.

நடுவே இன்னொருவர். பளபளப்பான ஷூ, அடி மட்டும் துகளாக உதிர்கிறது.

“ரெண்டு கல்யாணத்துக்குத்தான் போட்டேன். தைச்சுக் குடுங்க.”

பெரியவர் திருப்பிப் பார்க்கிறார். விளிம்பைச் சுற்றி அழகாகத் தையல் ஓடுகிறது. அடியில் ஒரு நூல்கூட இல்லை. மேலே தெரிந்தது வெறும் அலங்காரம்.

“ஊசி எதுல சார் நிக்கும்? அடியே மாத்தணும்.”

அது பாலியூரித்தேன் அடி. காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் சிதைத்துவிடும். போடாமல் பெட்டியில் பத்திரப்படுத்தினாலும் ஒருநாள் உதிரும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். வந்தவர் நம்பாமல் போகிறார்.

கடைசியில்தான் பாலிஷ் டப்பா திறக்கிறது. கொஞ்சமே தொட்டுப் பூசி, காய விட்டு, பிரஷ் போடுகிறார். முன்நுனிக்கும் குதிகாலுக்கும் மட்டும் இன்னொரு பூச்சு. துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர், வட்ட வட்டமாகத் தேய்ப்பு. மடங்கும் இடத்தில் அந்த இரண்டாவது பூச்சு இல்லை. அங்கே மெழுகு தடித்தால் நடக்கும்போதே விரிசல் விடும்.

மாலை நாலே முக்கால். வக்கீல் ஷூவைப் போட்டு நாலடி நடந்து பார்க்கிறார். நின்று, குனிந்து, மறுபடி பார்க்கிறார்.

“எவ்ளோண்ணே?”

“எழுநூறு. தோலு மட்டுமே பாதி போச்சு.”

பேரம் இல்லை. மரப்பெட்டியில் ஒட்டிய கியூஆரை ஸ்கேன் செய்கிறார். பணம் வந்ததைக் குட்டிப் பெட்டி உரக்கச் சொல்கிறது.

“தெனம் இதையே போடாதீங்க சார். ஒருநாள் போட்டா ஒருநாள் விடுங்க. உள்ள பேப்பரைச் சுருட்டி வெச்சா வேர்வையை இழுத்துக்கும்.”

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு ஜோடி கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மேலே ஓடும் தையல் அடியிலும் தெரிந்தால், அதைப் பிரித்துத் தைக்க ஆள் இருக்கிறார். தெருமுனையில் அவர் இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்ட கூலியைக் குறைக்காதீர்கள்.