வீடு பெயர்ந்த சஹானா

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபொழுது, கணினித் தொழிலிலிருப்பவன் இந்துக் கல்லூரி மலருக்கு எழுதத்தக்கது யாதுளது என்ற ஐயம் எனக்கெழுந்தது. எனினும், கலஹாவில் வளர்ந்தவனுக்கு நெருக்கமான செய்தியொன்று அத்தொழிலின் உள்ளேயே இருக்கின்றது. மலை சரிந்த இரவிற் காணாமற் போனவரின் பெயரை எவர், எங்கே, எவ்வாறு பதிந்து வைப்பர் என்பதே அது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாட்டில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அவ்வேளை இலங்கைக் கணினித் தொண்டர்கள் இரவு பகலாக உழைத்து ஒரு மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணமெனப் பொருள்படும் ‘சஹானா’ என்பது அதன் பெயர். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றுக்கான பதிவேடுகள் அதில் அமைந்தன. லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதனைப் பேணியது. மூலநிரலை எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்தலாம். 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காக வழங்கும் 2006 ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. நம்மவர் செய்து உலகுக்கீந்த பொருள்களிலே தேயிலைக்கு அடுத்தபடி இதனைச் சொல்வேன், நண்பர்கள் சிரிக்கலாம்.

அது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. பல கைகள் அவசரத்திற் கட்டிய வீடாதலின், புதிதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமாயின், அட்டவணையிலும், படிவத்திலும், தேடலிலும், அறிக்கையிலும் தனித்தனியே திருத்த வேண்டும். ஆகவே 2009 ஆம் ஆண்டளவில் பைதன் மொழிக்கும், வெப்டூபை என்னும் சட்டகத்துக்கும் அதனைப் பெயர்க்கத் துணிந்தனர். வெப்டூபை, சிக்காகோவின் டீபோல் பல்கலைக்கழகத்து ஆசிரியர் மஸ்ஸிமோ டி பியெரோ 2007 இல் வெளியிட்டது. அட்டவணை இன்னதென்று ஒருமுறை விவரித்துவிட்டாற் படிவமும் சோதனையும் அவ்விவரத்திலிருந்தே பிறந்துவிடும். புதிய நூல் ‘சஹானா ஈடன்’ எனப் பெயர்பெற்றது. அது முதிருமுன்னரே, 2010 ஜனவரி 12 இல் ஹெயிட்டி அதிர்ந்தது.

கோயிற் திருப்பணியை அறிந்தோர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். மூலத்தானத்தைப் பிரிக்குமுன் பாலாலயம் அமைத்துப் பூசையை அங்கே தொடர்வோம். இடர் வரும் நாள் தெரியாத மென்பொருளுக்கும் பூசை நிற்றலாகாது. ஆனால் கும்பாபிஷேகத்தின் பின் பாலாலயம் கலைக்கப்படும். இங்கோ இரண்டு கோயில்களாயின. பழைய பி.எச்.பி. நூல் அகஸ்தி என்ற பெயரிலே தொடர, அதன் வெசூவியஸ் என்னுங் கிளை காணாமற் போனோரைத் தேடும் பணிக்கென நின்றது. பைதன் அறியாத பழைய தொண்டருக்கு அது ஆறுதலாயிருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டையும் என் கணினியில் நிறுவி, தமிழாக்கத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல முயன்றேன். வெப்டூபையில் ஆங்கில வாக்கியமே திறவுகோல். அதில் ஒரு புள்ளி மாறினும் அதற்குரிய தமிழ் மறைந்து ஆங்கிலமே தோன்றும். இது பொறுமையினாற் தீரும் சங்கடம். தீராதது வேறொன்று. புதிய நூலில் முதற்பெயர், இறுதிப்பெயர் என்ற கட்டங்கள் இருந்தன. நம் தோட்டத்து வீடொன்றை அவற்றில் எழுதிப் பாருங்கள். தந்தைக்குப் பாட்டனார் பெயர். தாய்க்குக் கணவன் பெயர். பிள்ளைகளுக்குத் தந்தை பெயர். ஒரே அடுப்பில் உண்போர் இறுதிப்பெயரால் இரண்டாகப் பிரிந்து நிற்பர். கருப்பையா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் எத்தனை விதமாக எழுதுவர்!

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடியது. மறைந்தோர் எத்தனை பேரென்று நாளுக்கொரு தொகை சொல்லப்பட்டது. அத்தொகைகளைக் கேட்டவாறிருந்த எனக்கு அந்த இறுதிப்பெயர்க் கட்டமே கண்முன் நின்றது. கலஹாவிலிருந்து தெல்தோட்டை செல்லும் பாதையில் மேலே மலையும் கீழே பள்ளமுமாக இருக்கும் லயன்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

என் பிரதியிலே, ஆளின் விவரத்தோடு தோட்டம், பிரிவு, லயன் இலக்கம் என மூன்று கட்டங்களைச் சேர்த்தேன். நம் மக்களைத் தேடுவோர் முதலிற் கேட்பவை அவையே. பழைய நூலில் அதற்கு எத்தனையோ கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. புதியதில் மூன்று வரிகள் எழுதினேன். படிவத்தில் அவை தாமே வந்து நின்றன. இறுதிப்பெயரை மட்டும் இன்னும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நம் மாணவரில் எவரேனும் வழி கண்டால் எனக்கு எழுதுக.