சுறாவின் பிறந்தகம்

திருத்தணியில் கடல் இல்லை. மலை இருக்கிறது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வருகின்றன, கொஞ்சம் வடக்கே போனால் ஆந்திரம். ஆனாலும் பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்குச் சுறா வந்து சேர்ந்துவிடும். பால்சுறா கிடைத்தால் மீன்கார அம்மா தனியாக எடுத்துவைத்திருப்பார். வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்வார்கள். “சாப்பிடும்மா, பால் ஊறும்.” 2003இல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது நானும் சாப்பிட்டேன்.

தாய்வீடு என்கிறோம். பிறந்தகம், புக்ககம் என்றும் தமிழில் சொல்கிறோம். நகரியில் பிறந்த என் அம்மாவுக்கு அவை புட்டில்லு, மெட்டினில்லு: பிறந்த வீடு, கால் வைத்த வீடு. இரண்டு மொழியிலும் பெண்ணுக்கு இரண்டு வீடு; இரண்டிலும் பட்டா அவள் பெயரில் இல்லை. எங்கள் தாய்வீட்டின் பட்டா தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவுக்குப் பின் தம்பிக்கும் போனது. அம்மாவும் நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் வந்துவிட்டது. “பங்கு கேட்டா நாளைக்கு வாசப்படி மிதிக்க முடியாது” என்றார் அம்மா. தாயின் பெயரால் அழைக்கப்படும் வீட்டுக்குள் வந்துபோக, தாயும் மகளும் கொடுத்த விலை அது.

இந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் சுறாக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

பஹாமாஸில் பிமினி என்று சின்னஞ்சிறு தீவுகள் இருக்கின்றன. அலையாத்தி மரங்கள் சூழ்ந்த அங்குள்ள ஆழமில்லாத நீரில் எலுமிச்சைச் சுறாக்கள் குட்டி ஈனுகின்றன. சாமுவேல் குரூபர் 1990இல் அங்கே நிறுவிய ஆய்வு நிலையத்தார் குட்டிகளைப் பிடித்து, அடையாளமிட்டு, மரபணு மாதிரி எடுத்துத் திரும்ப விட்டார்கள். 1993க்கும் 1997க்கும் இடையே அங்கே பிறந்த பெண் சுறாக்களில் குறைந்தது ஆறு, 14 முதல் 17 ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்துக்குத் திரும்பிவந்து குட்டி ஈன்றது தெரியவந்தது. வழி எப்படித் தெரிந்தது? கொம்பன் சுறா வகையில் சிறிய ஓர் இனத்தை வைத்து நடந்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பூமியின் காந்தப்புலத்தை அது வரைபடம்போல் பயன்படுத்துவதைக் காட்டியது.

எங்கே போவது என்பதைப் போலவே எதிலிருந்து விலகுவது என்பதும் ஒரு தேர்வுதான். பல சுறா இனங்களில் ஆணும் பெண்ணும் ஆண்டின் பெரும்பகுதி தனித்தனியே வாழ்கின்றன. இணைசேரும்போது ஆண், பெண்ணைக் கடித்துப் பிடிக்கிறது. நீலச் சுறாவில் பெண்ணின் தோல் ஆணின் தோலைவிட இரு மடங்கு தடிமன். ஃபுளோரிடாவின் டிரை டார்ட்டுகாஸ் தீவுகளருகே பெண் செவிலிச் சுறாக்கள், ஆண்கள் துரத்தினால் இடுப்பளவுகூட இல்லாத நீருக்குப் போய் மணலோடு அழுந்திக் கிடக்கின்றன. இரை, வெதுவெதுப்பு ஆகியவற்றோடு, தொந்தரவு இல்லாமையும் அவை இடம் தேர்வதற்கு ஒரு காரணம். நம் அரசியலைச் சுறாவின் மேல் ஏற்ற வேண்டாம்தான். ஆனாலும் இதைப் படித்தபோது, அரக்கோணம் ரயிலில் மகளிர் பெட்டியைப் பிடிக்க நடைமேடையின் கோடிவரை ஓடும் என் மாணவிகள் நினைவுக்கு வந்தார்கள்.

ஈன்றதும் தாய்ச்சுறா போய்விடுகிறது. அதற்கு முலையும் இல்லை, பாலும் இல்லை. பெரிய சுறாக்கள் எளிதில் நுழைய முடியாத அலையாத்தி வேர்களுக்கிடையே குட்டி சில ஆண்டுகள் வளர ஓர் இடம் தருகிறது. அதன் தாய்மை அவ்வளவுதான். அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. பிமினியில் சொகுசு விடுதிக்காக அலையாத்தியை அழித்துக் கடலடியைத் தோண்டிய பிறகு, முதல் ஆண்டைத் தாண்டும் குட்டிகள் குறைந்துபோயின.

இந்தியாவில் திமிங்கிலச் சுறாவைப் பிடிக்க 2001இல் தடை வந்தது. 2004இல் குஜராத் கரையில் நடந்த பரப்புரையில் மொராரி பாபு, அது பேறுகாலத்துக்குப் பிறந்தகம் வரும் மகள் என்று மீனவர்களிடம் பேசினார். ‘வ்ஹாலி’, அதாவது செல்லமானவள், என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். வேட்டையாடிய கைகளே வலையை அறுத்து அதை விடுவித்தன. நல்லதுதான். ஆனால் மகளாக, அதுவும் பேறுகாலத்து மகளாக வந்தால்தான் ஓர் உயிருக்கு இடம் உண்டா?

தனியாக வாழத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து, வங்கிக் கடனில் மலையடிவாரத்தில் இரண்டு அறை வீடொன்றை வாங்கினேன். என் பெயருக்குப் பக்கத்தில் த/பெ போடுவதா, க/பெ போடுவதா என்று பத்திரம் எழுதுபவர் கேட்டார். இரண்டில் ஒன்று வேண்டுமாம். வீடு பார்க்க வந்த அம்மா, கையோடு கொண்டுவந்த முருகன் படத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?” என்று கேட்டார்.

“அடிச்சுக்கம்மா, நம்ம செவுருதான்.”

சென்ற பருவத்தில் பட்டினப்பாலை நடத்தினேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டு வழிபடும் பகுதி. கொம்பு என்பதால் அது வாள்போல் மூக்கு நீண்ட வேளாமீனாக இருக்கலாம் என்றேன். சுறாவுக்கு உறவான திருக்கை இனம். கழிமுகங்களில் குட்டி ஈனும். இன்று நம் கடல்களில் மிக அரிதாகிவிட்டது. ஏழு மாதக் கர்ப்பத்தோடு வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி கை தூக்கினாள். மறுவாரம் அவளுக்கு வளைகாப்பு. அதோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“மேடம், அப்போ அது காவிரி வாய்க்குக் குட்டி போடத்தான் வந்திருக்குமா? வந்த இடத்துலயா புடிச்சாங்க?”

உரைநூலை மூடி மேசையில் வைத்தேன். மணி அடிக்கும்வரை அந்தக் கேள்வியைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.