பதுளையிலிருந்து உடவளவை வரை

பதுளை மாவட்டத் தோட்டங்களில் தனிமை லேசில் கிடைக்காது. பசறைப் பக்கத்து லயம் ஒன்றில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். காலையில் பெரட்டு, பிறகு மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பு, பின்னர் நிறுவை. "வெறகுக்குப் போற நேரந்தான் எனக்குன்னு இருக்கிற நேரம்" என்றார் ஓர் அக்கா. வன்னியில் நான் சந்திக்கும் பெண்களுக்கோ பிரச்சினை வேறு. கணவனை இழந்தவருக்கும், காணாமற்போனவரைத் தேடுகிறவருக்கும் இரவுகள் நீண்டவை. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தோட்டங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களில் இரண்டையும் அனுபவித்தவர்கள் உண்டு.

இந்த யோசனையோடுதான் எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாக பஸ்ஸில் உடவளவைக்கு இறங்கினேன். தேயிலை மறைந்து, வெயிலும் பற்றைக்காடும் வந்தன. ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் எல்லையில் உள்ள இத்தேசியப் பூங்கா 1972இல் பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பளவு சுமார் 308 சதுர கிலோமீற்றர். வீதியோர மின்வேலிக்கு அப்பால் ஓர் அலியன் தனியே நின்றது. பழம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். அது யானைக்கும் நல்லதல்ல, ஊருக்கும் நல்லதல்ல.

ஆண் யானை வளர்ந்ததும் தனியே திரியும், பெண் யானைகள் கூட்டமாகவே வாழும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் இங்கு ஆய்வு செய்த ஷேர்மின் டி சில்வா குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவு சற்று வித்தியாசமானது. 286 வளர்ந்த பெண் யானைகளை அடையாளம் வைத்து 20 மாதங்கள் அவதானித்தார்கள். இன்று சேர்ந்து நிற்பவை நாளை பிரிந்துவிடுகின்றன. நீண்டகாலம் பார்த்தால் அதே பழைய தோழிகள் திரும்பவும் சேருகின்றன. சில யானைகள் பலவற்றோடு பழகும். சில ஓரிரண்டோடு மட்டும், ஆனால் உறுதியாக. விலகி நின்றாலும், எமது காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியால் யானைகள் தூரத்திலிருந்தே தொடர்புகொள்ளும்.

எமது ஊர்களில் கூட்டத்துக்கு வராத பெண்ணை ஒதுங்கிவிட்டாள் என்று அயலும் சொல்லும், அறிக்கையும் சொல்லும். அவள் தினமும் ஒரு கூட்டாளியின் அடுப்படியில் இருந்து தேத்தண்ணி குடிப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவளை இழுத்துவந்து குழுவில் சேர்ப்பதைவிட அந்த அடுப்படி அணையாமல் பார்ப்பது முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

பூங்காவுக்கு அருகில் 1995இல் வனசீவராசிகள் திணைக்களம் ஆரம்பித்த யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. 'இடைத்தங்கல்' என்றதும் எமக்கு வேறு முகாம்கள்தான் ஞாபகம் வரும். தாயை இழந்த குட்டிகளையும் கூட்டத்தைத் தவறவிட்ட குட்டிகளையும் இங்கு கொண்டுவருகிறார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால். பார்வையாளர்கள் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம், தொட முடியாது. மனிதருக்குப் பழகிவிட்டால் காட்டில் பிழைப்பது கஷ்டம். வெவ்வேறு கூட்டங்களில் பிறந்தவை இங்கே ஒன்றுக்கொன்று உறவாகிவிடுகின்றன. சுமார் ஐந்து வயதில் காட்டுக்கு அனுப்பும்போதும் தனியாக விடுவதில்லை. சேர்ந்து வளர்ந்தவற்றைச் சேர்த்தே விடுகிறார்கள். அப்படிப் போன பெண் யானைகள் சில காட்டிலே குட்டியும் ஈன்றிருக்கின்றன.

நான் பார்த்தது பின்னேரம் மூன்று மணிப் பால். முண்டியடித்துக் குடித்துவிட்டு எல்லாம் ஓடின. ஒன்று மட்டும் மரத்தடியில் நின்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. பராமரிப்பவர் அதை விரட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே மற்றவை போன திசையில் நடந்தது.