மணலுக்குள் ஓடும் வைப்பாறு

ஆறு என்றதும் இருகரையும் தழுவி ஓடும் வெள்ளமே உங்கள் நினைவுக்கு வரும். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்தும், ஊர்களை வாழவைக்கும் ஓர் ஆற்றை அறிவீர்களா?

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே பசுவந்தனை அமைந்துள்ளது. சுற்றிலும் கரிசல் மண். மழையில் உப்பிக் குழையும் இம்மண், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விதைக்கும் மானாவாரிச் சீமை இது.

இங்கிருந்து வடக்கே எட்டயபுரம் சென்று, கிழக்கே திரும்பினால் விளாத்திகுளத்தில் வைப்பாற்றைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றி, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியுடன் கூடி, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் கடந்து மன்னார் வளைகுடாவை அடைகிறது. இதன் கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்கே கிடைத்த சங்கு வளையல்கள், உள்நாட்டு ஊருக்கும் கடலுக்கும் அன்றே இருந்த உறவைச் சொல்கின்றன.

எட்டயபுரம் பாரதியார் பிறந்த ஊர் மட்டுமன்று. உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊருமாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாக, 5027 விருத்தங்களில் பாடிய அப்பெருமகனார், எட்டயபுர அரசவைப் புலவராகத் திகழ்ந்தவர். வானம் பார்த்த இக்கரிசல் சீமையில் வாழ்ந்த அவர், பாலைநிலமான அரபு நாட்டை ஆறு பெருகி வயல் செழிக்கும் மருதமாக வருணித்தார். தமிழ்க் காப்பிய மரபு அது. எனினும், மழையின் அருமை அறிந்த மண்ணில் வாழ்ந்தவர் பாடினார் என்று எண்ணும்போது அவ்வருணனை நம் நெஞ்சைத் தொடுகிறதல்லவா?

வைப்பாற்றின் செல்வம் மேலே ஓடும் நீரன்று. மணலுக்கடியில் தங்கும் நீரே. மழைக்கால வெள்ளத்தை மணல் உறிஞ்சிக்கொண்டு, கரையோரக் கிணறுகளுக்குக் கோடையிலும் ஊறக் கொடுக்கிறது. ஆதலால் மணலை அள்ளுவோர் கிணற்று நீரையே அள்ளுகின்றனர். ஆற்றுப் படுகையில் மண்டிய சீமைக் கருவேலம் வெள்ளத்தின் வழியையும் அடைக்கிறது.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று அண்ணலார் (ஸல்) கற்பித்தார்கள். ஓடும் ஆற்றுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஓடாத ஆற்றை எவ்வளவு பேண வேண்டும்! நீர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்; அதைச் சுமந்து காக்கும் மணலும் அவ்வாறே. எட்டயபுரம் செல்லும்போது விளாத்திகுளம் வரை சென்று அந்த மணலையும் பாருங்கள். வறண்ட ஆறு என்று சொல்ல உங்கள் நா எழாது.