நீர் கேட்ட வழி

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைத் தூத்துக்குடி மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! ஓராண்டுக்குப் பெய்வதைவிட மிகுதியாக ஒரு பகல் ஓர் இரவில் கொட்டித் தீர்த்தது வானம். தாமிரபரணி கரைபுரண்டது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, மாநகரத் தெருக்களிலே படகு ஓடிற்று. கடலோடும் தோழர்கள், கரையிலே தத்தளித்தோரைப் படகேற்றிக் காத்தனர்.

வெள்ளம் வடிந்து, பள்ளி திறந்த நாள். திரேஸ்புரத்துச் சிறுவன் ஒருவன், நனைந்து உப்பிய புத்தகத்தோடு எழுந்தான்.

"ஐயா, கடவுளுக்குக் கோபம் வந்ததால்தான் இவ்வளவு மழை என்று பாட்டி சொல்கிறார்கள். உண்மையா?"

பகுத்தறிவு பேசும் எனக்கு அந்தக் கேள்வி கரும்பாக இனித்தது. கரும்பலகையிலே கடலை வரைந்தேன், கதிரவனை வரைந்தேன். கடல் சூடேறினால் காற்று ஈரத்தை மிகுதியாகச் சுமக்கும், சுமந்ததைக் கொட்டவும் செய்யும் என்று விளக்கினேன். வெற்றி பெற்ற மிதப்பில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன்.

சிறுவன் அமரவில்லை. "மழை வந்தது சரி ஐயா. வந்த தண்ணீர் ஏன் போகவில்லை?"

பட்டம் பெற்றவன் விழித்தேன்!

அன்று மாலை பக்கிள் ஓடையின் கரையோரம் நடந்தேன். ஊரின் கழிவையும் மழைநீரையும் சுமந்து திரேஸ்புரத்தில் கடலைத் தொடும் ஓடை அது. ஊர் எறிந்த குப்பையெல்லாம் அதில் கிடந்தது. மேற்கிலிருந்து வரும் நீர் கிழக்கே கடலுக்குச் செல்லவேண்டும். செல்லும் வழியில் வீடுகள், மதில்கள், மேடேறிய சாலைகள். அந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது!

ஆம், தோழர்களே! மலிவாகக் கிடைத்ததென்று என் தந்தையார் நகரின் மேற்கே மனை வாங்கினார். ஏன் மலிவு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது மழைநீர் தேங்கும் பள்ளமாக இருந்த இடமென்று, அடுப்பங்கரையில் வெள்ளம் நின்ற நான்காம் நாள், பக்கத்து வீட்டு முதியவர் சொல்லித்தான் அறிந்தோம். வாஸ்து பார்த்தோம், வாட்டம் பார்த்தோமா?

கடற்புறத்தும் இதே கதைதான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டினார்கள். அலையைத் தடுத்த அரண் தேய்ந்தது. விலாங்குசல்லித் தீவு நீருள் மறைந்தது. இதிலே இறைவன் கோபம் எங்கே?

இதே ஊர் ஒருகாலத்தில் குடிநீருக்குத் தவித்தது. நகராட்சித் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து யாகம் வளர்க்கவில்லை. 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாயில் கொண்டுவந்தார். நீரைக் கொணர ஒரு நகராட்சியால் முடிந்ததென்றால், நீரை வழியனுப்ப ஒரு மாநகராட்சியால் முடியாதா?

முடியும், மக்கள் விழித்திருந்தால்! 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், நகரத் திட்டமிடலையும் நிலப் பயன்பாட்டையும் நகர மன்றங்களிடம் ஒப்படைக்க வழி வகுத்தது. ஆனால் 2016 முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை, தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அதிகாரிகள் ஆண்டார்கள். அப்போது நான் ஒரு குரலேனும் எழுப்பினேனா? 2022 நவம்பரில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியபோதும், என் தெருவின் சபைக்கு நான் போகவில்லை. மேடைப் பேச்சுக்கு இரண்டு கல் நடந்தவன், தெருக்கோடிக்கு நடக்கவில்லை!

வெள்ளத்துக்குப் பின் கூடிய சபைக்குச் சென்றேன். நீர்வழியை அளந்து கல் நடவேண்டும், மறித்தவற்றை அகற்றவேண்டும், வீடிழப்போர்க்கு முதலில் மாற்றிடம் தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறித்து நிற்பவற்றுள் எங்கள் மதிலையும் சேர்த்தேன்.

தந்தையார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சுவரிலே வெள்ளம் விட்டுச்சென்ற கறையைச் சுட்டி, "இந்த உயரத்தையும் எழுதினாயா?" என்று கேட்டார்.

இளைஞர்களே, உங்கள் பகுதியில் சபை கூடும்போது செல்லுங்கள். கூடவில்லையென்றால், ஏன் கூடவில்லை என்று கேளுங்கள். மழை வந்த காரணத்தை மாணவனுக்குச் சொல்லிவிட்டேன். தண்ணீர் போகாத காரணத்தில் நமக்கும் பங்குண்டு. அதை எப்போது சொல்லப்போகிறோம்?