பல் மருத்துவர் சங்கமும் நாங்களும்

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் முன்னோர். சொல்லையே பெருஞ்செல்வமாகப் போற்றும் தமிழ்ச் சங்கத்தினராகிய நாங்கள், பல்லைப் பேணுவோரோடு நட்புப் பூண்டது பொருத்தமேயாகும். தென் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களில் வாழும் எங்களுள் சிலர், உள்ளூர்ப் பல் மருத்துவர் சங்கத்தின் கிளையொன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுத்துப் பணி புரிந்துள்ளோம். மருத்துவம் எங்களுக்குத் தெரியாது. மைய அரசு அலுவலகங்களில் கோப்பெழுதித் தேய்ந்த விரல்களே எங்கள் தகுதி.

கிளையின் செயலராக இருந்த வங்காளப் பெரியவர், தமிழர் கையில் கணக்கு பிழைபடாது என்று உறுதியாக நம்பியவர். சந்தாப் பதிவேடும் நிகழ்ச்சிக் குறிப்பும் தாறுமாறாகக் கிடந்த காலத்தில் எங்களை அழைத்தார். அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964இன் 15ஆம் விதி, அலுவலகக் கடமைக்கு ஊறு நேராதவரை ஊதியமற்ற சமூகத் தொண்டுக்கு இடந்தருகிறது. ஆதலால், தேநீரும் சிங்காராவும் தவிர வேறெதுவும் பெறாமல் ஞாயிறுதோறும் அங்கே அமர்ந்தோம்.

அமர்ந்த பின்னரே இந்நகரத்தின் பெருமை ஒன்று எங்களுக்குப் புலனாயிற்று. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் இங்கே நிறுவியவர், அமெரிக்காவின் அயோவாவில் பயின்று திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. கல்லூரிக்குப் பொருள் தேட அவர் நடத்தியது ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்னும் கடை. பல்லைக் கெடுக்கும் இனிப்பே பல்லைக் காக்கும் கல்விக்கு முதலீடாயிற்று என்று மருத்துவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். 1949இல் அக்கல்லூரியை அவர் அரசுக்கே அளித்துவிட்டார். 1964இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது. அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளைப் பல் மருத்துவர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்றைய கூட்டத்திற்கு நாற்காலி தேடி அலைவது எங்கள் ஆண்டுக் கடமைகளுள் ஒன்று.

செயற்குழுக் கூட்டங்களில் நாங்கள் குறிப்பெடுத்த விவாதங்களுள் ஒன்று மறக்கவொண்ணாதது. நடைபாதையில் அமர்ந்து பல்செட் கட்டும் ஒருவர்மீது நடவடிக்கை கோர வேண்டும் என்று இளம் மருத்துவர்கள் வற்புறுத்தினர். சட்டம் அவர்கள் பக்கமே இருந்தது. அப்போது மூத்தவர் ஒருவர் எழுந்தார். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் பெற்றவர்கள் ‘ஏ’ பகுதியிலும், பட்டமின்றி ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள் ‘பி’ பகுதியிலும் பதிவு பெற்றனர். தம் பாட்டனார் ‘பி’ பகுதியைச் சேர்ந்தவர் என்றார் அவர். “சட்டப்படி மாநில மன்றத்துக்கு எழுதுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஏழை ஏன் அங்கே போகிறான் என்பதையும் இந்தக் குறிப்பேட்டில் எழுதுங்கள்” என்று எங்களை நோக்கிக் கூறி அமர்ந்தார். அவையில் சிறிது நேரம் பேச்சில்லை. அன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று மன்றத்துக்கு எழுதும் கடிதம் பற்றியது. மற்றொன்று, மாதம் ஒருநாள் வறியவர்க்குக் கூலியின்றிப் பல்செட் கட்டித் தருவது பற்றியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினோம்.

எங்கள் முதன்மையான பணி முகாம்களில்தான். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசையிட்டு, வருவோரின் பெயர், வயது, பழக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்வோம். ‘பழக்கம்’ என்னும் பத்தியில் கைனி, ஜர்தா, பாக்கு, பல்துலக்கும் ‘குல்’ என்னும் புகையிலைத் தூள் எனப் பலவும் இடம்பெறும். அப்பத்தியைப் பல்லாண்டுகள் நிரப்பியவர் எங்கள் நண்பர் ஒருவர். அவர் புகையிலையைத் தொட்டதில்லை. ஆனால் வாசனைப் பாக்குப் பொட்டலம் அவர் சட்டைப் பையை நீங்கியதில்லை.

2011ஆம் ஆண்டளவில், வீட்டுக் குழம்பின் காரம் தாங்கவில்லை என்று அவர் குறைகூறத் தொடங்கினார். மிளகாய் அளவு மாறவேயில்லை என்றார் அவருடைய துணைவியார். முகாமொன்றில் கூட்டம் கலைந்த பின், செயலர் அவரை அழைத்து, “வாருங்கள் தாதா, இன்று உங்கள் முறை” என்று நாற்காலியில் அமர்த்தினார். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டே நுழைந்தன. கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகியிருந்தது. பாக்கினால் வரும் நோய் அது. புற்றாக மாறவும் கூடும். புகையிலை கலவாத பாக்கும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பதே என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டிலேயே தன் நூலில் பதிவு செய்திருந்தது. தசைத் துணுக்கை ஆய்வுக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் எங்களுள் எவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. புற்று இல்லை என்ற செய்தி வந்த மாலையில், செயலர் அனைவர்க்கும் ரசகுல்லா வாங்கித் தந்தார்.

நண்பர் அன்றோடு பாக்கைத் துறந்தார். இறுகிய கன்னம் முழுதும் இளகவில்லை. இன்றும் ஆண்டுக்கு இருமுறை பரிசோதனைக்குச் செல்கிறார். ஆயினும் பதிவு மேசைக்கு அவர் வரத் தவறுவதில்லை. ‘பழக்கம்: பாக்கு’ என்று எழுத நேரும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் தம் வாயைத் திறந்து காட்டுகிறார். மருத்துவர்களின் சொற்பொழிவுகள் செய்யாததை அக்காட்சி செய்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று முகாம்களை நிறுத்தியது. மீண்டும் தொடங்கியபோது பழைய செயலர் இல்லை. அவர் வைத்துச் சென்ற பதிவேடுகளை இளையவர்கள் இப்போது கணிப்பொறியில் ஏற்றி வருகின்றனர்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் ஒரு கணம் இதனை மடியில் வைத்துவிட்டு, மூன்று விரல்களை நிமிர்த்தி வாயில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். நுழைந்தால் மகிழ்ச்சி. நுழையாவிடில், நாளையே ஒரு பல் மருத்துவரைக் காணுங்கள்.