அது நம்ம கலம், ஃபாதர்!



பங்குக் குருவின் மேசைக்குப் பலவகைப் பொருள்கள் வந்து சேர்வதுண்டு. மந்திரிக்க வேண்டிய செபமாலை வரும். புதிதாக வாங்கிய இருசக்கர வண்டியின் சாவி வரும். பருவ காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாம்பழக் கூடையும் வரும். சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை வந்த பொருளோ இவற்றுள் எதுவும் அன்று. உள்ளங்கை அளவேயான ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி அது.

கொண்டுவந்து வைத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். "சாமி, காலையில நீங்க பிரசங்கத்துல சொன்னதைக் கேட்டேன். இனிமே இது எங்க வீட்டுல இருக்கக்கூடாது. நீங்களே வச்சுக்குங்க" என்றார். அவருக்குப் பின்னால் கணவர் தலை குனிந்து நின்றார். பன்னிரண்டு வயது மகன் நம்மைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை நாம் சொன்னதை மறைக்க வேண்டியதில்லை. சுடுவதையும் அழிப்பதையும் பொழுதுபோக்காக்கும் விளையாட்டுகள் பிள்ளைகளின் நெஞ்சைக் கல்லாக்குகின்றன என்றும், அவற்றுள் ஒன்றுக்கும் விலக்கில்லை என்றும் உரத்த குரலில் சொன்னோம். மறையுரை நன்றாக அமைந்தது என்ற மனநிறைவும் நமக்கு இருந்தது.

"ஃபாதர், நீங்க இதை ஆடிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான் சிறுவன். தாய் அவன் தோளைக் கிள்ளினார். ஆடியிருப்பதாகவே நாம் சொன்னோம். அது பாதி உண்மை.

1990-களின் தொடக்கத்தில் நாம் குருமட மாணவராக இருந்தபோது, விடுமுறையில் பெங்களூரு உறவினர் வீட்டில் இரண்டு இரவுகள் தங்கினோம். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவி ஒன்று அங்கே இருந்தது. அதில் நாம் ஆடியது 'கேலக்சியன்' என்னும் விண்வெளிப் போர் விளையாட்டு. அதற்கு முன்னோடி 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. அதில் ஐந்து வரிசைகளில் 55 உருவங்கள் படையெடுத்து இறங்கும். அவை குறையக் குறைய வேகம் கூடும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் கருவியின் வேலைப்பளு குறைந்து, தானே வேகம் பிறந்ததாம். அதற்குப் போட்டியாக நாம்கோ நிறுவனம் 1979-இல் வெளியிட்டதுதான் கேலக்சியன். 1955-இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் முதல் தொழில், யோகோஹாமா நகரத்து அங்காடி ஒன்றின் மாடியில் குழந்தைகளுக்காக இரண்டு ஆடும் குதிரைகளை வைத்து நடத்தியது என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ!

கேலக்சியனில் நமக்கு ஒரு கலம். திரையில் ஒரு நேரத்தில் ஒரே குண்டு. அது இலக்கைத் தொடும் வரையோ, தப்பிப் போகும் வரையோ அடுத்ததைச் சுட இயலாது. பகைக் கலங்கள் வளைந்து வளைந்து பாயும். சுட வேண்டும், அல்லது மடிய வேண்டும், வேறொன்றும் இல்லை. அந்த இரண்டு இரவுகளின் நினைவைக் கொண்டுதான், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பீடத்திலிருந்து தீர்ப்புச் சொன்னோம்.

"அது முதல் பாகம் ஃபாதர். நாங்க ஆடறது ரெண்டாவது. இது வேற" என்றான் சிறுவன்.

அப்போதுதான் தந்தை வாய் திறந்தார். ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு அவர் சொன்னது புதிதன்று. வேலை மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி வருகிறது. இரண்டாம் ஷிப்டு வாரத்தில், மகன் பள்ளியிலிருந்து திரும்புமுன் அவர் புறப்பட வேண்டும். நள்ளிரவுக்குப் பின் வீடு வரும்போது மகன் உறங்கிவிடுகிறான். இரவு ஷிப்டு வாரத்திலோ பகலெல்லாம் இவர் உறங்குகிறார். முதல் ஷிப்டு வாரத்தில் மட்டுமே மாலை வேளை மகனோடு கிடைக்கிறது. "மூணு வாரத்துல ஒரு வாரம் சாமி. என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. சின்ன வயசுல நான் ஆடின ஆட்டம் இது. ஓவர்டைம் காசுல வாங்கினேன். டி.வி.யில மாட்டி மாறி மாறி ஆடுவோம். அப்பத்தான் பேசுவான்" என்றார்.

தாய் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு மூவரும் சென்றனர்.

ஒரு பொருளை ஆராயாமல் தீர்ப்பிட்டவர் அதை ஆராய்ந்தாவது பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் இரவுச் செபம் முடிந்தபின் நாம் அதை ஆடினோம். ஐம்பதைக் கடந்த விரல்கள் அந்தப் பொத்தான்களுக்குப் பழக நாள் பிடித்தது.

இரண்டாம் பாகத்தின் பெயர் 'கேலகா'. 1981-இல் அதே நாம்கோ வெளியிட்டது. இதில் பகைவர் முன்னரே வரிசையில் நிற்பதில்லை. சரம் சரமாகப் பறந்து வந்து தத்தம் இடத்தில் அமர்கின்றனர். நமக்கும் ஒரு நேரத்தில் இரண்டு குண்டுகள் உண்டு. மூன்றாம் கட்டம் வந்தபோது வியந்துபோனோம். அங்கே யாரும் நம்மைச் சுடுவதில்லை. நாற்பது கலங்கள் கோலமிடுவதுபோல் வளைந்து செல்கின்றன. நாற்பதையும் வீழ்த்தினால் 10,000 புள்ளிகள் பரிசு. ஒன்றையும் வீழ்த்தாவிட்டாலும் தண்டனை இல்லை. போருக்கு நடுவே ஓர் ஓய்வுநாளை வைத்தவனை நாம் பாராட்டியே ஆக வேண்டும்.

ஆனால் ஒன்று மட்டும் நமக்கு விளங்கவில்லை. பகைப்படையின் உச்சியில் நான்கு தலைமைக் கலங்கள் அமர்ந்திருக்கும். அவற்றுள் ஒன்று சில வேளைகளில் பாதிவரை இறங்கிவந்து, விசிறிபோல் விரியும் ஓர் ஒளியைப் பாய்ச்சும். அதில் அகப்பட்டால் நம் கலம் சுழன்று மேலே போய்விடும். பின்னர் அந்தத் தலைவன் அருகே சிவப்பு நிறத்தில் புதிதாக ஒன்று தோன்றும். புதுப் பகைவன் என்று எண்ணி, நாம் அதைக் குறிபார்த்துச் சுட்டு வந்தோம். மூன்று இரவுகள் இப்படிக் கழிந்தன.

புதன்கிழமை பீடச்சிறுவர் பயிற்சி முடிந்ததும் அந்தச் சிறுவன் கதவோரம் வந்து நின்றான். உள்ளே அழைத்து, ஆடிக் காட்டினோம். சிவப்புக் கலம் தோன்றியதும் வழக்கம்போல் பொத்தானை அழுத்தினோம்.

"சுட்டுடாதீங்க ஃபாதர்! அது நம்ம கலம்!" என்று கத்தினான். அதற்குள் அது வெடித்துச் சிதறிவிட்டது.

பிறகு அவன் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். சிறைப்பட்ட நம் கலமே நிறம் மாறிப் பகைவனோடு நிற்கிறது. தலைவன் வரிசையில் அமர்ந்திருக்கும்போது அவனைச் சுட்டால், நம் கலம் நம்மிடம் திரும்பாது. நம்மையே தாக்க வரும். அவன் அதை இழுத்துக்கொண்டு கீழே பாயும் வரை காத்திருக்க வேண்டும். தலைவனை வீழ்த்த இரண்டு அடி தேவை. பக்கத்தில் இருக்கும் நம்முடையதன்மேல் ஒன்றும் படக் கூடாது. அவன் வீழ்ந்தால், இழந்த கலம் சுழன்று இறங்கி நம் அருகே வந்து சேரும். பிறகு இரண்டும் ஒன்றாய்ப் போரிடும். சிறைப்பட்டது நம் கடைசிக் கலமாக இருந்தால் மீட்பதற்கு ஆளில்லை. ஆட்டம் அத்துடன் முடிந்தது.

முதல் பாகத்தில் இல்லாததும், இரண்டாம் பாகத்தை உயர்த்துவதும் இதுவே என்பது நம் முடிவு. பகைவர் தொகையைக் கூட்டி, நிறத்தைக் கூட்டி, வேகத்தைக் கூட்டி இரண்டாம் பாகம் என்று பெயரிடுவது எளிது. இதை அமைத்தவர்களோ, ஆடுபவன் மனத்தில் ஒரு புதிய கேள்வியை வைத்தனர்: போனது போகட்டும் என்று விடுவதா, இருப்பதையும் பணயம் வைத்துப் போனதை மீட்பதா? இணைந்த கலங்களுக்கு வலிமை இருமடங்கு. அடிபடும் பரப்பும் இருமடங்கு. திருமண ஆயத்த வகுப்பில் சொல்லத்தக்க செய்தி இது! 1987-இல் வந்த 'கேலகா 88' என்னும் பிந்தைய பாகத்தில், விரும்பினால் தொடக்கத்திலேயே இரட்டைக் கலத்தோடு புறப்படலாம். இழந்து மீட்ட பின் கிடைத்ததன் அருமை அதில் குறைவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எத்தனை முறை சுட்டோம், எத்தனை இலக்கில் பட்டன, நூற்றுக்கு எத்தனை என்று திரையில் கணக்குக் காட்டுகிறது. இரவில் ஆன்மசோதனை செய்யப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்துக்கு முடிவு என்பதே இல்லை. காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காகப் பிறந்ததாகையால், 'இன்னும் ஒரே முறை' என்ற ஆசையை அது வேண்டுமென்றே வளர்க்கிறது. நாமே ஒருநாள் இரவு பதினொரு மணியைக் கடந்தும் உட்கார்ந்திருந்தோம். பகைவர் யார், எதற்காக வந்தனர் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை, சமாதானத்துக்கும் வழியில்லை. தனியே ஆடும் பிள்ளையை இது மேலும் தனிமையில்தான் விடும்.

சனிக்கிழமை அந்தப் பெற்றோரை அழைத்தோம். தாயிடம் முதலில் பேசினோம். பிரசங்கத்தில் ஆராயாமல் பேசியதை ஒப்புக்கொண்டோம். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் சொன்னார்: "அவர் கூட இருந்து ஆடற வாரத்துல எனக்கு ஒண்ணும் இல்ல சாமி. அவர் இல்லாத ரெண்டு வாரத்துலதான் பயம். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. நீங்க சொன்னதைப் பிடிச்சுக்கிட்டேன்."

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. துணையின்றித் தவித்த ஒரு தாய்க்கு நாம் கொடுத்தது ஒரே ஒரு குண்டு. அது போய்ப் பட்டது பகைவன்மேல் அன்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தந்தையும் மகனும் சேர்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தின்மேல்.

கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். முதல் ஷிப்டு வாரத்தில் மாலை ஒரு மணி நேரம் தந்தையும் மகனும் ஆடலாம். தந்தையின் கைப்பேசி அப்போது அலமாரியில் இருக்கும். மற்ற இரண்டு வாரமும் பெட்டி தாயிடம் இருக்கும். இரண்டாம் ஷிப்டு வாரத்தில், உணவு இடைவேளையின்போது தந்தை வீட்டுக்குப் பேசுவார்; முதலில் மகனோடு. இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த இரண்டாம் ஷிப்டு வாரத்தில் நான்கு நாள் பேசினாராம். ஒருநாள் மகன் பேச மறுத்துவிட்டானாம். நான்கு நாள் என்பது சிறிய கணக்கன்று.

மறுநாள் ஞாயிறு திருப்பலி முடிவில், சென்ற வாரம் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பங்கு மக்களிடம் சொன்னோம். சிலர் சிரித்தனர். சிலர் வெளியே நின்று, தங்கள் வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் ஆடும் ஆட்டம் எந்த வகை என்று கேட்டனர். முதலில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அவனிடமே கற்றுக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினோம்.

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்ட சிறுவன், "ஃபாதர், கடைசியா உங்களுக்கு நூத்துக்கு எத்தனை வந்துச்சு?" என்று கேட்டான்.

"முப்பத்தெட்டு" என்றோம்.

"பரவாயில்ல ஃபாதர். அவசரப்படாம சுட்டா ஏறும்" என்றான்.